பொறிக்குக் கல்வி கண்ட பேரறிஞர்

ஒரு செயலைச் செய்து முடிப்பதற்கு ஆற்றல் மட்டும் போதாது. அச்செயலை எதன்பொருட்டுச் செய்கிறோம் என்னும் குறிக்கோளும் வேண்டும். குறிக்கோள் இல்லாத ஆற்றல் சுக்கான் இல்லாத தோணியை ஒக்கும். தவறான குறிக்கோளைப் பற்றிய ஆற்றலோ பாறையை நோக்கி விரையும் தோணியை ஒக்கும். மனிதனுக்குப் பொருந்தும் இவ்வுண்மை அவன் படைக்கும் பொறிகளுக்கும் பொருந்துமா? பொறி ஒன்று தானே கற்க இயலுமா? இயலுமெனின், அதற்குக் குறிக்கோளை அளிப்பவர் யார்? எவ்வாறு அளிப்பது? இவ்வினாக்களை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே எழுப்பி ஆராய்ந்தவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கில நாட்டுக் கணித அறிஞர். கணிப்பொறி இயலின் தந்தை என உலகம் அவரைப் போற்றுகிறது.

ஏரிக்கரைக் கல்வி

சென்னை மாநகருக்கு வடக்கே உள்ளது மீஞ்சூர். அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளே புகும். ஆரணியாறு முதலியன நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கும். இவ்விருவகை நீரும் கலக்கும் அவ்வேரியில் மடவையும் இறாலும் நண்டும் செழித்து வளர்கின்றன. இரை தேடிப் பூநாரைகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்து தங்குகின்றன. ஏரியைச் சூழ்ந்து மீனவர் குப்பங்கள் பல உள்ளன.

அக்குப்பங்களில் வளரும் இளைஞன் ஒருவன் தன் தொழிலை எவ்வாறு கற்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலை நிறைய மீன் கிடைத்தால் அவன் மகிழ்கிறான். வெறுங்கையோடு திரும்பினால் வருந்துகிறான். அம்மகிழ்ச்சியும் வருத்தமும் அவனுக்கு ஆசிரியர்களே. ஆயினும் அவற்றால் மட்டும் அவன் நல்ல மீனவன் ஆகிவிடுவதில்லை. நீரோட்டத்தின் போக்கு, காற்றின் குறி, வலைக்கண்ணின் அளவு ஆகியவற்றை மூத்தோர் அவனுக்குச் சொல்லித் தருகின்றனர். அவன் ஐயம் எழுப்புகிறான். அவர்கள் விளக்கம் கூறுகின்றனர்.

இவற்றினும் சிறந்த பாடம் ஒன்றும் உண்டு. அவ்வேரியில் 'பாடு' என்னும் பழைய முறை வழங்கி வருகிறது. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை ஒருவரே கைக்கொள்ளாமல், பலரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆகவே, இயன்ற மட்டும் மிகுதியாக மீன் பிடிப்பது மட்டும் அவ்விளைஞனின் குறிக்கோள் அன்று; தானும் பிறரும் இன்றும் நாளையும் வாழுமாறு பிடிப்பதே அவன் குறிக்கோள். அதனை வலையில் விழும் மீன் அவனுக்குக் கற்பிக்க இயலாது. மூத்தோர் சொல்லும் ஊர் வழக்குமே கற்பிக்கின்றன.

பரிசும் தண்டனையும் மட்டும் கல்வி ஆகா; சொல்லும் விளக்கமும் வேண்டும் என்னும் இவ்வுண்மையைப் பொறிகளின் திறத்திலும் கண்டு கூறியவரே டூரிங். அவருடைய வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது.

குடும்பமும் பிறப்பும்

மீஞ்சூர் வழியாக வடக்கே செல்லும் இருப்புப் பாதை, ஆந்திர நாட்டைக் கடந்து ஒடிசாவில் உள்ள சத்திரப்பூர் என்னும் ஊரைத் தொட்டுச் செல்கிறது. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளுள் பழவேற்காடு இரண்டாவது பெரியது. முதலாவதாகிய சிலிகா ஏரி சத்திரப்பூருக்கு அண்மையில் உள்ளது. அக்காலத்தில் அவ்வூர் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. அங்கும் மாகாணத்தின் பிற வடமாவட்டங்களிலும் ஆட்சிப் பணி புரிந்தவர் ஜூலியஸ் டூரிங். அவரே ஆலனின் தந்தை. 1896-ஆம் ஆண்டு இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்து அவர் சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

ஆலனின் தாயார் எத்தல் சேரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி, சென்னை இருப்புப் பாதைத் துறையில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். துங்கபத்திரை ஆற்றின்மீது பாலம் அமைத்தவர். குன்னூரில் இருந்த அவருடைய இல்லத்தில்தான் ஆலனின் தமையன் ஜான் 1908-ஆம் ஆண்டு பிறந்தார்.

ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இந்திய நாட்டின் வெப்பம் தம் மக்களின் உடல்நலத்திற்கு ஒவ்வாது எனப் பெற்றோர் அஞ்சினர். ஆகவே, பிள்ளைகள் இருவரையும் ஆங்கில நாட்டின் தென்கடற்கரையில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரின் குடும்பத்தில் விட்டு வைத்தனர். தந்தை சென்னை மாகாணத்தில் இருந்தார். தாய் இரு நாடுகளுக்கும் இடையே கடல் கடந்து வந்தும் போயும் இருந்தார். பெற்றோரைப் பிரிந்து வாழும் துன்பத்தை ஆலன் இளமையிலேயே உணர்ந்தார்.

இளமையும் பள்ளிப் படிப்பும்

ஆலன் ஏறத்தாழ மூன்று வாரங்களில் தாமாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எண்களின்மீது அவருக்கு இருந்த ஆர்வம் இன்னும் பெரிது. தெருவில் நடந்து செல்லும்போது ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் அருகிலும் நின்று, அதில் பொறித்துள்ள எண்ணைப் படித்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைப்பார். உடன் செல்வோர் சலித்துக்கொள்வர். அவ்வாறு படிக்குமாறு அவரை எவரும் ஏவவில்லை. படித்ததற்காக எவரும் பரிசு தரவும் இல்லை. அறியவேண்டும் என்னும் உள்ளத்து வேட்கையே அவரைத் தூண்டியது.

1926-ஆம் ஆண்டு அவர் ஷெர்போர்ன் என்னும் ஊரில் உள்ள பள்ளியில் சேர்ந்தார். பள்ளி திறக்கும் நாளில் ஆங்கில நாடெங்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. இருப்புப் பாதை வண்டிகள் ஓடவில்லை. பதினான்கு வயதும் நிரம்பாத ஆலன், துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து, இடைவழியில் ஓர் இரவு தங்கிப் பள்ளியை அடைந்தார். எடுத்த செயலை முடிக்கும் உறுதி அன்றே அவரிடம் காணப்பட்டது.

ஆயினும் பள்ளியில் அவர் நற்பெயர் பெறவில்லை. அவருடைய கையெழுத்து அழகற்றது. ஏடுகள் மைக்கறை படிந்தவை. இலத்தீன் முதலிய பழமொழிகளைப் பெரிதாகப் போற்றிய அப்பள்ளியில், கணிதத்திலும் அறிவியலிலும் மூழ்கிக் கிடந்த மாணவரை ஆசிரியர்கள் குறை கூறினர். கண்டனம் அவர் போக்கை மாற்றவில்லை. பாராட்டை எதிர்பார்த்தும் அவர் நிற்கவில்லை.

அப்பள்ளியில் கிறிஸ்டபர் மார்கம் என்னும் மாணவர் அவருக்கு உயிர்த்தோழராக வாய்த்தார். இருவரும் விண்மீன்களைப் பற்றியும் வேதியியல் ஆய்வுகளைப் பற்றியும் இடையறாது உரையாடுவர். தோழருக்கு நிகராகத் தாமும் உயரவேண்டும் என ஆலன் உழைத்தார். ஆனால், 1930-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மார்கம் எலும்புருக்கி நோயால் இறந்தார். ஆலன் உள்ளம் உடைந்தார். எனினும் துயரிலேயே அமிழ்ந்துவிடவில்லை. தோழர் உயிரோடு இருந்திருந்தால் எத்துணை ஆர்வத்துடன் உழைத்திருப்போமோ, அத்துணை ஆர்வத்துடன் இனியும் உழைப்பது எனத் துணிந்தார். மனித உள்ளம் எத்தகையது, அது உடலோடு எவ்வாறு இணைந்துள்ளது என்னும் வினாவும் அத்துயரத்திலேயே அவருக்கு ஆழமாக வேரூன்றியது.

எண்ணத்தில் பிறந்த பொறி

1931-ஆம் ஆண்டு டூரிங் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1935-இல், தம் 22-ஆம் வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் கணித உலகையே வியக்கச் செய்த ஆய்வுக் கட்டுரையை எழுதினார்.

கணிதத்தில் எழும் எல்லா வினாக்களுக்கும் விதிவழியே விடை காணும் முறை ஒன்று உண்டா என்பது அன்று அறிஞர்களை மயக்கிய வினா. அதற்கு விடை காண டூரிங் தம் எண்ணத்தில் ஒரு பொறியைப் படைத்தார். நீண்ட நாடா ஒன்று. அது கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். பொறி ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கும். விதிப்படி அதில் ஒரு குறியை எழுதும் அல்லது அழிக்கும். பின்னர் ஒரு கட்டம் இப்புறமோ அப்புறமோ நகரும். இவ்வளவே அதன் தொழில். இத்தகைய எளிய பொறியே, விதிவழியே செய்யத்தக்க எந்தக் கணக்கையும் செய்யவல்லது என்பதை அவர் விளக்கினார். எப்பொறியாலும் தீர்க்க இயலாத வினாக்கள் உண்டு என்பதையும் மெய்ப்பித்தார்.

அக்கட்டுரையில் மற்றொரு பெருங்கருத்தும் அடங்கியிருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பொறி வேண்டியதில்லை. செய்யவேண்டிய வேலையின் விதிகளை நாடாவிலேயே எழுதிக் கொடுத்தால், ஒரே பொறி எல்லாப் பொறிகளின் வேலையையும் செய்யும் என்பதே அது. இன்று மென்பொருள் என வழங்குவது அவ்வாறு எழுதித் தரப்படும் விதித் தொகுதியே ஆகும்.

போர்க்காலத் தொண்டு

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஆங்கில நாடு போர் அறிவித்த மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் இருந்த மறைமொழி ஆய்வகத்தில் பணியாற்றச் சென்றார். செர்மானியர் தம் படைச் செய்திகளை எனிக்மா என்னும் பொறியினால் மறைமொழியாக மாற்றி அனுப்பிவந்தனர். அம்மறைமொழியின் நுட்பத்தை முதலில் கண்டறிந்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள். அவர்கள் அளித்த அறிவை அடிப்படையாகக் கொண்டு டூரிங் புதியதொரு பொறியை வகுத்தார். தோழர் கார்டன் வெல்ச்மன் அதனை மேலும் செம்மைப்படுத்தினார். எண்ணற்ற வழிகளுள் பொருந்தாதவற்றை அப்பொறி விரைந்து விலக்கியது.

நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவும் எண்ணெயும் ஏற்றிவந்த கலங்களை அட்லாண்டிக் கடலில் மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. கடற்படை மறைமொழியை அவிழ்க்கும் அரிய பணிக்கு டூரிங் தலைமை தாங்கினார். செய்திகள் விளங்கவே, கலங்கள் இடர் நிறைந்த வழிகளை விலக்கிச் சென்றன. பல உயிர்கள் காக்கப்பட்டன. ஆயினும் அப்பணி மறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது அரசின் ஆணை. ஆகவே, அவர் வாழ்ந்த காலத்தில் பொதுமக்கள் அவர் தொண்டினை அறியவில்லை. புகழை நாடாது கடமையைச் செய்தவர் அவர்.

போருக்குப் பின் அவர் நெடுந்தொலை ஓட்டத்திலும் சிறந்து விளங்கினார். 1947-ஆம் ஆண்டு மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தார். அறிவுப் பணியின் களைப்பை ஓட்டத்தால் போக்கிக்கொள்வது அவர் வழக்கம்.

குழந்தைப் பொறி

போர் முடிந்தபின் டூரிங் ஆங்கில நாட்டின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, மின்னணுக் கணிப்பொறி ஒன்றை வகுத்தார். அப்போது அவர் உள்ளத்தில் புதியதோர் எண்ணம் எழுந்தது. வளர்ந்த மனிதனின் அறிவை அப்படியே பொறியில் புகுத்துதல் அரிது. குழந்தையின் உள்ளத்தை ஒத்த எளிய பொறியை முதலில் அமைத்து, பின்னர் அதற்குக் கல்வி புகட்டினால் என்ன என்பதே அவ்வெண்ணம்.

1948-ஆம் ஆண்டு அவர் எழுதிய அறிக்கையில் அத்தகைய பொறி ஒன்றை விவரித்தார். எந்நிலையில் எது செய்வது என்னும் விதி அப்பொறிக்குத் தொடக்கத்தில் முற்றும் வகுக்கப்பட்டிராது. விதியில்லாத நிலை நேரும்போது அது தற்செயலாக ஒன்றைத் தேர்ந்து செய்யும். அதனைத் தற்காலிகமாகக் குறித்தும் வைத்துக்கொள்ளும். ஆசிரியர் இன்பக் குறியைத் தந்தால் அக்குறிப்பு நிலைபெறும். துன்பக் குறியைத் தந்தால் அழிந்துபோகும். இவ்வாறு பரிசினாலும் தண்டனையினாலும் பொறி சிறிது சிறிதாகத் தன் விதிகளைத் தானே அமைத்துக்கொள்ளும்.

டூரிங் இதனைத் தாளில் எழுதிச் சோதித்தும் பார்த்தார். பொறி ஒருவாறு கற்றது. ஆனால் அவர் உள்ளம் நிறைவடையவில்லை. உண்மையில் ஒரு குழந்தை கற்கும் முறையோடு இம்முறை போதிய அளவு ஒத்துவரவில்லை என்பதை அவர் மறைக்காது எழுதினார். ஆய்வகத்தின் தலைவர் அவ்வறிக்கையை மதிக்கவில்லை. டூரிங் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அது அச்சேறியது.

1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற டூரிங், 1950-ஆம் ஆண்டு, பொறி சிந்திக்குமா என்னும் பொருள்பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். முகம் காணாது எழுத்தால் உரையாடும்போது, விடை தருவது மனிதனா பொறியா எனப் பிரித்தறிய இயலாதாயின், அப்பொறிக்குச் சிந்தனை இல்லை என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அக்கட்டுரையின் வாதம். அதன் இறுதிப் பகுதியில் அவர் மீண்டும் குழந்தைப் பொறியைப் பற்றி எழுதினார். பரிசும் தண்டனையும் கல்வியின் ஒரு பகுதியே ஆகும் என்றும், அவற்றால் மட்டும் கற்பிக்க முற்பட்டால் பொறிக்குச் சென்று சேரும் செய்தி மிகச் சிறிதே என்றும் அவர் விளக்கினார். ஒரு செய்யுளை மாணவன் கற்கவேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லையும் அவனே ஊகித்துக் கூறவேண்டும். தவறினால் அடி விழும் என்றால், பாடம் முடியுமுன் அவன் உடம்பு முழுவதும் புண்ணாகிவிடும். ஆகவே, ஆசிரியரின் சொல்லைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் வழியும் பொறிக்கு வேண்டும் என்றார். கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் கல்வியில் உயர்ந்ததை அவர் சான்றாகக் காட்டினார். ஆசிரியரும் மாணவரும் ஒருவரோடொருவர் கருத்தைப் பரிமாறிக்கொள்ள ஏதேனும் ஒரு வழி இருப்பின் கல்வி கைகூடும் என்பது அவர் துணிபு.

குறிக்கோளின் அளவுகோல்

பொறிக்குக் குறிக்கோளை எவ்வாறு உணர்த்துவது என்பதற்கும் டூரிங் ஒரு வழி காட்டினார். தோழர் சாம்பர்னௌனுடன் சேர்ந்து சதுரங்கம் ஆடுவதற்குரிய விதித் தொகுதி ஒன்றை அவர் எழுதினார். வெற்றி என்றால் என்ன என்பதைப் பொறி அறியாது. எனவே, காய்களுக்கு மதிப்பெண் வகுத்தார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 10 என்றவாறு அவை அமைந்தன. மதிப்பெண் மிகும் வழியை நாடுவதே பொறியின் குறிக்கோள் ஆயிற்று. அவ்விதிகளை இயக்கவல்ல கணிப்பொறி அப்போது இல்லை. ஆகவே, 1952-ஆம் ஆண்டு டூரிங் தாமே பொறியாக அமர்ந்து, தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிட்டு, நண்பர் ஒருவரோடு ஆடினார். ஒரு காயை நகர்த்தவே ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. ஆட்டத்தில் தோல்வியே கிடைத்தது. ஆயினும், குறிக்கோளை எண்ணால் அளந்து பொறிக்கு அளிக்கலாம் என்னும் கருத்து நிலைபெற்றது.

இக்கருத்தில் பெரியதோர் இடரும் உண்டு. மதிப்பெண் என்பது குறிக்கோளின் நிழலே அன்றிக் குறிக்கோள் அன்று. தான் எவர் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாகவேண்டும் என வரம் பெற்ற பஸ்மாசுரன், இறுதியில் தன் தலையிலேயே கை வைத்துச் சாம்பலானான் என்பது புராணக் கதை. கேட்ட வரம் ஒன்று. உண்மையில் வேண்டியது வேறொன்று. பொறியும் கேட்டதைத்தான் தரும்; வேண்டியதைத் தராது. கல்கத்தாவில் சில காலம் தங்கிப் பணியாற்றிய அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், பொறியில் நாம் வைக்கும் நோக்கம் நாம் மெய்யாகவே விரும்பும் நோக்கந்தானா என்பதை முன்னரே தெளிந்துகொள்ள வேண்டும் என 1960-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார்.

அவர் எச்சரிக்கை பொய்க்கவில்லை. மனிதனுக்குப் பதிலாக நின்று, சூழலை அறிந்து, தானே முடிவு செய்து செயலாற்றும் மென்பொருளை இன்று 'முகவர்' என்பர். 2016-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகைய முகவர் ஒன்றைக் கணிப்பொறியில் நிகழும் படகுப் பந்தய விளையாட்டில் பழக்கினர். பந்தயத்தில் முந்துவதே அவர்கள் கருதியது. ஆனால் வழியில் உள்ள இலக்குகளை மோதுவதற்கே மதிப்பெண் வழங்கப்பட்டது. முகவர் ஒதுக்குப்புறமான ஒரு காயலைக் கண்டது. அங்கே வட்டமிட்டுச் சுழன்று, மீண்டும் மீண்டும் தோன்றும் மூன்று இலக்குகளை மோதி மோதி மதிப்பெண்ணைக் குவித்தது. படகு தீப்பற்றியது, பிற படகுகளோடு மோதியது, பந்தயத்தையோ முடிக்கவே இல்லை. ஆயினும் பந்தயத்தை ஒழுங்காக முடித்த மனிதரைவிட மிகுதியான மதிப்பெண் அதற்குக் கிடைத்தது. மீனின் எடையை மட்டுமே அளவுகோலாகக் கொடுத்து ஒரு முகவரைப் பழவேற்காட்டு ஏரியில் இறக்கிவிட்டால், அது மீன்குஞ்சுகளையும் வாரி எடுத்து ஏரியையே வெறுமையாக்கிவிடும். பாடு முறையில் அடங்கியுள்ள நேர்மையை எடைக்கல் அறியாது.

நல்ல குறிக்கோளைத் தெளிவாகப் பெற்ற பொறியோ வியத்தகு தொண்டு புரியும். பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து செயற்கைக் கோள்களைச் சுமந்து ஏவூர்திகள் எழுகின்றன. அடையவேண்டிய பாதை அவற்றின் கணிப்பொறியில் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். எழும்போது நேரும் விலகலை அளந்து, கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டு, அவை இலக்கை அடைகின்றன. அங்கே குறிக்கோளும் அளவுகோலும் ஒன்றாக இருப்பதே வெற்றிக்குக் காரணம்.

துயர முடிவு

1951-ஆம் ஆண்டு டூரிங் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிஞர் உலகம் அவரைப் போற்றியது. ஆனால் அடுத்த ஆண்டே அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. டூரிங் தம் பாலினத்தவரையே விரும்பும் இயல்பினர். அன்றைய ஆங்கில நாட்டுச் சட்டம் அதனைக் குற்றமாகக் கருதியது. 1952-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. சிறைவாசத்திற்கு மாற்றாக, இயல்பை அடக்கும் மருந்தினை ஓராண்டுக் காலம் ஏற்குமாறு பணித்தனர். நாட்டைக் காத்த அவரை, அரசின் மறைமொழிப் பணியிலிருந்தும் விலக்கினர்.

தண்டனை அவரது உடலை வருத்தியது. அவரது இயல்பை மாற்றவில்லை. அத்துன்பத்தின் நடுவிலும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. விலங்குகளின் தோலில் புள்ளிகளும் கோடுகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைக் கணித வழியால் விளக்கும் கட்டுரையை 1952-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், நஞ்சு உடலிற் கலந்து அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. தற்கொலை என விசாரணை முடிவு செய்தது. ஆய்வுப் பொருளால் நேர்ந்த விபத்தே என அவருடைய தாயார் நம்பினார்.

ஆங்கில நாட்டில் அச்சட்டம் 1967-ஆம் ஆண்டு தளர்த்தப்பட்டது. இந்தியாவில் அத்தகைய உறவைக் குற்றமாகக் கருதும் விதியை உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு நீக்கியது. டூரிங்குக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக ஆங்கில நாட்டுப் பிரதமர் 2009-ஆம் ஆண்டு வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021-ஆம் ஆண்டு, அவர் பிறந்த நாளன்று, அவர் உருவம் பொறித்த 50 பவுன் பணத்தாளை அந்நாட்டு வங்கி வெளியிட்டது. காலங்கடந்த இம்மரியாதைகளால் இழந்த உயிரை மீட்க இயலவில்லை.

நிலைத்த புகழ்

கணிப்பொறி இயலில் சிறந்த அறிஞர்களுக்கு 1966-ஆம் ஆண்டு முதல் டூரிங் பெயரால் விருது வழங்கப்பட்டு வருகிறது. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994-ஆம் ஆண்டிற்குரிய விருதினைப் பெற்றார். பரிசின் வழியே பொறிகள் கற்கும் முறையை வகுத்த ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்டு சட்டன் ஆகிய இருவருக்கும் 2024-ஆம் ஆண்டிற்குரிய விருது அளிக்கப்பட்டது. டூரிங் தாளில் எழுதிச் சோதித்த குழந்தைப் பொறி, அவர் பெயரால் வழங்கும் விருதினாலேயே சிறப்புற்றது எனலாம்.

டூரிங்கின் வாழ்க்கை இரு உண்மைகளை உணர்த்துகிறது. உயர்ந்த செயல்களைத் தூண்டுவது பரிசின் ஆசையும் அன்று. தண்டனையின் அச்சமும் அன்று. விளக்குக் கம்பத்தின் எண்ணைப் படிக்கச் செய்த அறிவு வேட்கையும், மறைந்த தோழர்மீது கொண்ட அன்புமே அவரை உயர்த்தின. இஃது ஓர் உண்மை. ஆற்றல் மிக்க பொறிகளைப் படைக்கும் மக்கள், அவற்றிற்குத் தரும் குறிக்கோள் எல்லாரும் வாழ்வதற்குரியதா எனப் பலமுறை எண்ணித் துணிதல் வேண்டும். இது மற்றோர் உண்மை. இனி அத்தகைய பொறிகளை அமைக்கும் பொறுப்பு இன்று பள்ளியில் பயிலும் மாணவர்களையே சாரும். பொறிக்கு நல்ல குறிக்கோளைக் கற்பிக்க விரும்புவோர் முதலில் அதனைத் தாம் கற்றல் வேண்டும்.